கடைசி அத்தியாயத்துக்குக் கீழே

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆள் காதல் கதைக்கு அடிமையானால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் நானும் ஒருவன். வேறு யாராவது மாட்டியிருந்தால் நான்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்கிற ஆலை ஒன்றில் லாரிகளை எடை போடுவது என் வேலை. லாரி காலியாக வரும், எடை போடுவேன். கம்பி ஏற்றிக்கொண்டு திரும்பும், மறுபடி எடை போடுவேன். இரண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட நேரம் கிடக்கும். அதை இத்தனை வருடமாகத் தூங்கியும், டிரைவர்களை வம்புக்கு இழுத்தும் உருப்படியாகத்தான் செலவழித்து வந்தேன். படிக்கிற பழக்கமெல்லாம் எனக்கு இருந்ததில்லை.

படிக்கிறவள் என் மகள். போனில் கதை படிப்பதற்கென்று இருக்கிற ஒரு செயலியில் அவள் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டாள். காதலும் மர்மமும் கலந்த தொடர். பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தால் போதும், எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "நைனா, இன்னிக்கு இன்னா ஆச்சி தெரிமா?"

எனக்குத் தெரிய வேண்டாம் என்றாலும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் ஒரு பங்களா. தோட்ட முதலாளியின் மகள்தான் நாயகி. பங்களாவில் ஒரு சாவு விழுகிறது. விசாரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நாயகன் வருகிறான். வந்த வேலையை விட்டுவிட்டு அவளைக் காதலிக்கிறான். சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கிறது. பாகத்துக்கு ஒரு சாவு. ஒவ்வொரு சாவிலும் சந்தேகம் போய் விழுவது நாயகியின் அப்பா மேல்.

"அந்தாளுதான் பண்ணிக்கிறான்," என்பேன், சோற்றை உருட்டிக்கொண்டே.

"போ நைனா. அவரு அப்படி இல்ல."

அவளுடைய போனில் நெட் தீர்ந்துபோகும் நாட்களுக்காக என் போனிலும் என் பேரிலேயே அந்தச் செயலியைப் போட்டு வைத்திருந்தாள். அழிக்கத் தெரியாததால் அது அப்படியே கிடந்தது.

பிறகு அவளுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. திருவள்ளூரில் ஹாஸ்டல். வார லீவுக்கு வீட்டுக்கு வந்து, சேர்த்து வைத்த கதையை மொத்தமாக என் தலையில் இறக்குவாள். ஒரு வாரம் அவள் வரவில்லை, போன்தான் வந்தது. கூட வேலை செய்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாளாம். அந்தப் பையன் வீட்டில் வேறு சாமி. எனக்கென்னவோ இரண்டு வீட்டுச் சுவரிலும் ஆணி ஒன்றுதான், படம்தான் வேறு என்று தோன்றியது. ஆனால் என் மனைவி அன்றைக்கு அழவில்லை, கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்: "அவளா வந்து பேசற வரைக்கும் இந்த ஊட்லேந்து யாரும் பேசக்கூடாது."

இந்த வீட்டில் மிச்சம் இருந்தது நானும் பூனையும்தான். நான் கட்டுப்பட்டேன்.

மகள் போன் நம்பரை மாற்றிவிட்டாள். புது நம்பரை யாரிடமாவது கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்டால், கேட்டதாக ஆகிவிடும். நேரில் போகலாம் என்றாலும் அந்த வழி எனக்கு மலைப்பாக இருந்தது. ஒரே மாவட்டம்தான், ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னை வரை போய், வண்டி மாறி, இன்னொரு பாதையில் திரும்பி வர வேண்டும். பஸ் இருக்கிறதே என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். போகாமல் இருப்பதற்குக் காரணம் தேடுகிறவனுக்கு ரயில்தான் வசதி.

அப்படி மாதங்கள் போன ஒரு மத்தியானம், எடை அறையில் போன் சத்தம் கொடுத்தது. அந்தத் தொடரின் கடைசிப் பாகம் தொடங்கிவிட்டதாம். சும்மா திறந்தேன். நாயகி பனியில் நடந்துகொண்டிருந்தாள். எனக்குப் பனியில் அக்கறை இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனேன். அத்தியாயம் முடிந்த இடத்தில் வாசகர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். ஒவ்வொருவர் பேருக்குப் பக்கத்திலும் சின்ன வட்டத்தில் ஒரு படம்: ரோஜா, குழந்தை, சூரியகாந்தி. அவற்றுக்கு நடுவில் ஒரு மஞ்சள் ஹெல்மெட். அதற்குள் சுருண்டு தூங்குகிற ஒரு பூனைக்குட்டி.

அந்த ஹெல்மெட் என்னுடையது. ஆலையின் பேரை நான் ஆணியால் சுரண்டிய இடம்கூடத் தெரிந்தது. அந்தக் குட்டி எங்கள் பூனை; இப்போது வளர்ந்து, ஹெல்மெட்டில் தலை மட்டும்தான் நுழையும்.

படத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: "அப்பா மேல எல்லாரும் பழி போடறீங்க. அவர் செஞ்சிருக்க மாட்டார். பொறுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தான். "இன்னா தலைவரே, கண்ணு கலங்கிக்கீது? எடை கொறையுதா?"

"தூசுடா."

"ரூமுக்குள்ளயா?"

அன்றிலிருந்து நான் வாசகன். புது அத்தியாயம் வந்ததும் திறப்பேன். கதையைத் தாவிக் குதித்துக் கடந்து, கீழே போய் ஹெல்மெட்டைத் தேடுவேன். அவள் எழுதுகிற ஒன்றிரண்டு வரியிலிருந்து நல்லா இருக்கிறாளா, இளைத்துவிட்டாளா என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். "ரெண்டு நாளா காய்ச்சல், இப்பதான் படிச்சேன்" என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். அன்றைக்கு ஒவ்வொரு எடைக்கும் லாரியை இரண்டு தடவை எடை மேடையில் ஏற வைத்தேன். கவனம் நிற்கவில்லை.

கதையையும் படித்தாக வேண்டி வந்தது. இல்லாவிட்டால் அவள் எழுதுவது புரியாது. பங்களாவில் கத்தி கிடைத்தது. கத்தியில் அப்பாவின் கைரேகை இருந்தது. செத்துப்போன மூன்று பேருக்கும் அவருக்கும் பழைய பகை இருந்தது. அத்தனைக்கும் பிறகு வாசகர் கூட்டத்தில் ஒரே ஒருத்தி அவர் நல்லவர் என்று சாதித்துக்கொண்டிருந்தாள். அதில் எனக்கு வந்த தெம்பு இருக்கிறதே! மூன்று கொலையையே மன்னிக்கிறவள், என்னையா விட்டுவிடப் போகிறாள்?

மனைவியிடம் விஷயத்தை மறைத்தேன். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. மகள் எனக்குச் சொன்ன மாதிரியே, சாப்பிடும்போது அவளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன்.

"வயசான காலத்துல இன்னாய்யா இது கண்றாவி," என்றாள் முதல் நாள். இரண்டாம் நாள் முருங்கைக்கீரையை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கதையை நான் பாவத்தோடு நடித்துக் காட்டினால், "அத்த வுடு," என்பாள். "கீழ எழுதறாங்கன்னியே, அவங்க இன்னா சொல்றாங்க?"

மூன்று நான்கு பேர் எழுதியதைப் படிப்பேன். நடுவில், குரலை மாற்றாமல், ஹெல்மெட் எழுதியதையும் படிப்பேன். அந்த இடத்தில் கீரை ஆய்கிற விரல்கள் நின்றுவிடும். கதை அவளை அப்படி இழுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு அறிவு.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அப்பா ஒப்புக்கொண்டார். மூன்றும் அவர்தான். ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் ஒரே வரி இருந்தது: "இனிமே சொல்ல ஒண்ணும் இல்ல."

அதை நான் வீட்டில் படிக்கவில்லை. "இன்னிக்கு யாரும் எழுதல," என்றேன்.

கடைசி அத்தியாயம் ஒரு சாயங்காலம் வந்தது. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் தடவையாக ஒரு வரி விடாமல் படித்தேன். மழை. நாயகி குடையோடு நிற்கிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கீழே பஸ் நிற்கிற இடத்தில் நாயகன் காத்திருக்கிறான். மேலே பங்களா வாசலில், போலீஸ் வருவதற்கு முன், அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவள் குடையை மடக்கினாள். முற்றும்.

எந்தப் பக்கம் போனாள் என்று இல்லை.

கருத்துப் பகுதி தீப்பிடித்துவிட்டது. "மேடம், குடையை மடக்குனா மழை நின்னுச்சா, கதை நின்னுச்சா?" என்று ஒருத்தி. "இத்தனை பாகம் கூடவே வந்தேன், பாதி வழியில இறக்கி விட்டுட்டீங்களே" என்று இன்னொருத்தி. ரோஜாவும் சூரியகாந்தியும் பஸ் நிறுத்தத்தில் நனைகிறவனுக்காக அழுதார்கள். மேலே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரை ஒருவரும் நினைக்கவில்லை. மூன்று பேரைக் கொன்றவர்தான். இருந்தாலும், வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அல்லவா?

கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். ஹெல்மெட் இல்லை.

"கதை முடிஞ்சிபோச்சி," என்றேன் உள்ளே போய்.

மனைவி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "அவ இன்னா சொன்னா?"

"எவ?"

"ஹெல்மெட்டு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் திரும்பவில்லை. "நீ தூங்கறப்ப போனை எடுத்துப் பாத்தேன். எனக்கு வேகமாத்தான் படிக்க வராது. பூனை தெரியாதா?"

"எப்பலேந்து?"

"நீ கதை சொல்ல ஆரம்பிச்ச வாரமே. இல்லன்னா உன் மூஞ்சிக்கு எவ கதை கேப்பா?" தண்ணீரை மூடினாள். "இன்னா சொன்னா, சொல்லு."

"இன்னும் எழுதல."

மறுநாளும் எழுதவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கோபப்பட்டவர்கள் கோபப்பட்டு முடித்தார்கள். கருத்து வருவது குறைந்து, நின்றுபோனது. முடிந்துபோன கதையின் வாசலில் யார் நிற்பார்கள்? ரோஜாவும் சூரியகாந்தியும் வேறு தொடருக்குக் குடிபோய்விட்டார்கள். செயலி எனக்கும் வேறு கதைகளைக் காட்டியது. காதலும் மர்மமும் ஏராளம். எதைத் திறந்தாலும் கீழே எங்கள் பூனை இல்லை.

அந்த நாட்களில் வீட்டில் சாப்பாடு சத்தமில்லாமல் நடந்தது. கதை இல்லை; கதையின் பேரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்ததும் இல்லை. நான் எவ்வளவோ நகைச்சுவை செய்து பார்த்தேன். நகைச்சுவை எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், நான் செருப்பைக் கழற்றும்போது: "இருக்குதா?" இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். மகள் வீட்டை விட்டுப் போனதைவிட இது கனமாக இருந்தது. அப்போது கோபம் இருந்தது, அது கொஞ்சம் தாங்கிப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அதுல நாமளும் எழுதலாமா?"

"எழுதலாம். ஆனா நீதான் இந்த ஊட்லேந்து யாரும்..."

"பேசக்கூடாதுன்னேன். எழுதக்கூடாதுன்னா சொன்னேன்?"

சட்டம் போட்டவளே சந்தும் வைத்திருந்தாள். நான் போனை எடுத்து, வாசகன் என்ற பொறுப்போடு தட்டினேன்: "கதை அருமை. அப்பா பாத்திரம் மனதை உருக்கியது."

எட்டிப் பார்த்தாள். "இத்த எழுதறதுக்கு நீ எதுக்கு? அழி."

"வேற இன்னா எழுதறது?"

அவள் உள்பக்கம் திரும்பினாள். உள்ளே கட்டிலுக்கு அடியில், கிழிந்த கோணிமேல், ஏதோ முனகல் கேட்டது. "பூனை குட்டி போட்டுக்கீதுன்னு எழுது. மூணு."

"இது கதைக்குக் கருத்து சொல்ற எடம்மே."

"எழுதுய்யா."

எழுதினேன். காதலும் மர்மமும் நிறைந்த அந்தத் தொடரின் கடைசி அத்தியாயத்துக்குக் கீழே, அத்தனை கண்ணீருக்கும் வசவுக்கும் கடைசியில், "பூனை குட்டி போட்டிருக்கிறது. மூன்று." என்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் யாரோ கேட்டிருந்தார்கள்: "அங்கிள், இது எந்த அத்தியாயத்துல வருது? நான் மிஸ் பண்ணிட்டனா?" இன்னொருவர் ஒரு படி மேலே போனார்: "குறியீடு! பூனைதான் நாயகி. மூன்று குட்டி மூன்று கொலை."

இதையெல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, இருவருக்கும் நடுவில் பாயில் வைத்தாள். திரை அணைந்தால் விரலால் தொட்டு எழுப்பினாள்.

வெயில் இறங்கிய நேரத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் வந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். அவளே படிக்கட்டும் என்று இருந்தேன்.

"நைனா, மூணுமே நல்லா இருக்குதா? இன்னா கலரு? அம்மாவ கேட்டு சொல்லு."

மனைவி அந்தக் கடைசி வரியை மறுபடி ஒரு தடவை, மெதுவாக, விரல் வைத்துப் படித்தாள்.

"ஒண்ணு கருப்பு, ரெண்டு செவல. சரியா?" என்று கேட்டுக்கொண்டே நான் போனை எடுத்தேன்.

"இரு, இரு. எழுதிடாத." எழுந்துவிட்டாள். "பாத்துட்டு வந்து சொல்றேன்."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் குட்டிகளைத் தூக்கிப் பார்க்கிறவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே ஓடி, கட்டிலுக்கு முன்னால் மண்டி போட்டுக் குனிந்தாள்.