அவசரக்காரியின் நாலாவது தகடு

முதலில் கையைக் கழுவுவாள். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவுவாள். அதன் பிறகுதான் அந்த மரப்பெட்டியின் மூடி திறக்கும். உள்ளே நாற்பத்திரண்டு டிவிடி தகடுகள். ஏழு சீசன், சீசனுக்கு ஆறு. நடு ஓட்டையில் ஆள்காட்டி விரலை விட்டு, விளிம்பைக் கட்டைவிரலால் தாங்கி ஒன்றை எடுப்பாள். பிறந்த குழந்தையைத் தூக்குகிறவர்கள்கூட அத்தனை யோசிக்க மாட்டார்கள். ஜன்னலுக்கு எதிரே பிடித்து, ஜன்னல் கம்பிகள் அதன் முகத்தில் கோணாமல் விழுகின்றனவா என்று பார்ப்பாள். பிறகு லென்ஸ் துடைக்கிற துணியால் வட்டம் வட்டமாக, நடுவிலிருந்து விளிம்புவரை, ஒரே அழுத்தத்தில் துடைப்பாள். அதற்குள் அவள் கணவர் செய்தித்தாளில் வரன் தேடும் விளம்பரங்கள்வரை படித்து முடித்திருப்பார். மடியில் இருக்கும் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதி நீட்டுவார்:

‘நீ போடறதுக்குள்ள தீயே தானா அணைஞ்சிடும்.’

“அணையட்டுமே. யாருக்கும் சேதமில்லாம அணைஞ்சா நல்லதுதானே” என்பாள் அவள், துணியை நிறுத்தாமல்.

அவர் தீ என்றது தொடரைத்தான். மலையடிவாரத்து ஊர் ஒன்றின் தீயணைப்பு நிலையம். அங்கே வேலை செய்கிற ஆறு பேர். வாரத்துக்கு ஒரு விபத்து. எங்கோ எடுத்து, தமிழில் குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள். தொடருக்கு ஒரு பெயர் இருக்கிறது. இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. “நம்ம ஸ்டேஷன்” என்றால் போதும்.

கண்ணாடிக் கடையின் பின்கட்டில் இருபத்தாறு வருஷமாக லென்ஸ் மெருகேற்றுகிறாள். தேய்க்க இயந்திரம் இருக்கிறது. கடைசி மெருகு மட்டும் அவள் கை. மற்றவர்கள் பத்து முடிக்கும் நேரத்தில் அவள் நாலுதான் முடிப்பாள். அந்த நாலும் திரும்பி வராது. வீட்டிலும் அதே நடைதான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். புறப்படும் பஸ்ஸை ஓடிப் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. “அது போனா அடுத்தது வராமலா இருக்கும்?” இப்படிப்பட்டவளுக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே கணவர் வைத்த பெயர், அவசரக்காரி.

அவர் குரலை விற்றுப் பிழைத்தவர். கதாநாயகன் குரல் அல்ல, கூட்டத்துக் குரல். தபால்காரர், நீதிபதி, குடிகாரர், “தீ! தீ!” என்று கத்திக்கொண்டே ஓடி மறைகிறவர், சாகும் முன் ஒரு வார்த்தை பேசுகிறவர். ‘நம்ம ஸ்டேஷ’னில் மட்டும் எண்பத்து மூன்று பேருக்கு அவர் வாய். ஒரு நாய்க்கும் உறுமியிருக்கிறார். அவருக்கே பாதி மறந்துபோனது. அவளுக்கு மறக்கவில்லை. சந்தையில் தீப்பிடிக்கிற காட்சியில், நூறு பேர் கூச்சலுக்கு நடுவில், “அந்த மூணாவது இருமல் நீங்கதானே?” என்று கேட்டாள் ஒருநாள். அவர் பின்னால் ஓட்டிக் கேட்டார். அவர்தான். இருமலில்கூடப் புருஷனைப் பிரித்தெடுக்கிற காது என்ன காது என்று அன்றைக்கு அவருக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி. உயிரைக் காப்பாற்றிய மருத்துவர்களால் குரலைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது கழுத்தில் ஒரு சின்னத் துவாரம் வழியாக மூச்சு. அதன்மேல் ஒரு மெல்லிய துணி. தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை அதை வைத்து அவளைக் கூப்பிட்டார். அவரே பலகையில், ‘வண்டு பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு’ என்று எழுதிவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார். குரலால் வாழ்ந்தவர் தன் குரலைத் தனியாக எங்கும் சேர்த்துவைக்கவில்லை. தண்ணீரில் இருக்கிற மீன் தண்ணீரைப் பாத்திரத்திலா பிடித்துவைக்கும்?

இருப்பதெல்லாம் அந்தப் பெட்டிதான். அதிலும் மூன்றாம் சீசனின் நாலாவது தகடு.

அந்தக் கதையில் ஒரு கிணறு வெட்டுகிறவர், மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறார். மேலே அவர் மனைவி. உள்ளே இருப்பவர் முகமே காட்டாமல், இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். உதட்டுக்குப் பொருத்த வேண்டிய தொல்லை இல்லாததால் அன்றைக்கு அவள் கணவர் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்த வசனம், ‘அன்பே, கவலைப்படாதே.’

“கிணத்துல விழுந்தவன் எவன்யா அன்பேங்கறான்?” என்று கேட்டுவிட்டு, ஒலிவாங்கியின் முன்னால் நின்று அவர் பாட்டுக்குச் சொன்னார்: “ஏய் அவசரக்காரி, பதறாதே. நான் இங்கதான் இருக்கேன். மெதுவாவே வா.”

யாரும் மாற்றவில்லை. ஒளிபரப்பான அன்று அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டையில் முக்கோணமாய் ஒரு கருகல் விழுந்தது. “ஊருக்கே கேக்கற மாதிரியா பொண்டாட்டியக் கூப்பிடறது?” என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். தொடர் பெட்டியாக வெளிவந்தபோது போய் வாங்கிவந்ததும் அவள்தான்.

அவள் முக்காலிக்குத் தரையில் மூன்று கால்தடம் உண்டு. அங்குலம் நகர்த்தக் கூடாது. அவருக்கு அவளுக்குப் பின்னால் நாற்காலி, துவாரத்தின் இரைச்சல் தொடரைக் கெடுக்கும் என்று அவரே தேர்ந்தெடுத்த இடம். கிணற்றுக் கட்டம் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த வார்த்தை முடிந்ததும் “ம்” என்பாள். பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று அவள் பார்த்ததில்லை. அவர் உதட்டை அசைப்பார். எத்தனையோ பேர் உதட்டுக்குத் தன் குரலைப் பொருத்தியவர், அந்த நேரம் மட்டும் தன் குரலுக்குத் தன் உதட்டைப் பொருத்துவார். கூச்சமாக இருக்கும். அதனால் பலகையில் அதைப் பற்றி எழுதியதில்லை.

மகள் வரும்போதெல்லாம் சொல்வாள்: “அம்மா, இந்தக் காலத்துல யாராவது டிஸ்க்கு போட்டுப் பார்ப்பாங்களா? போன்லயே எல்லாம் வருது.”

ஒருமுறை போனில் போட்டும் காட்டினாள். கிணறு அதே கிணறு. குரல் வேறு, புதிதாக யாரையோ வைத்துப் பேசியிருந்தார்கள். உள்ளிருந்து ஒருவன், “அன்பே, கவலைப்படாதே” என்றான்.

“இது யாரோ” என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

“சரி, உன் டிஸ்க்கையாவது காப்பி எடுத்து வை” என்றாள் மகள்.

“எடுக்கலாம். இப்ப என்ன அவசரம்?”

அவசரம் ஒரு புதன்கிழமை வந்தது. நாலாவது தகடு கிணற்றுக் கட்டத்தில் கட்டம் கட்டமாகச் சிதறி, “ஏய்” என்ற இடத்தில் நின்றது. திணறியது. பிறகு தாவி, தீயணைப்பு வண்டி நிலையத்துக்குத் திரும்புகிற இடத்தில் போய் விழுந்தது. அவள் எடுத்தாள், வட்டமாகத் துடைத்தாள், போட்டாள். “ஏய்.” மறுபடி துடைத்தாள். “ஏய்.” மூன்றாம் முறை அவர் பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

மகள் எங்கெங்கோ தேடினாள். அந்தப் பெட்டி விற்பனையில் இல்லை. பழையது விற்கிறவர் ஒருவரிடம் கிடைத்ததில் தமிழே இல்லை. டிவி பழுது பார்க்கிறவர் தகட்டை விளக்கில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“யாருக்கா இதை வட்டமா தேய்ச்சது?”

“நான்தான். ஏன்?”

“படம் இதுல வட்டமாத்தான் ஓடுது, ரோட்டுல வண்டி மாதிரி. குறுக்க கீறினா வண்டி பள்ளத்தைத் தாண்டிடும். வட்டமா கீறினா சக்கரம் பள்ளத்துலயே இறங்கி, பள்ளத்தோடயே போயிடும். இதை நடுவுலேருந்து வெளிப்பக்கமா நேரா துடைக்கணும். குழந்தைகூட இப்படித் துடைக்காது.”

அவள் முகத்தைக் கணவர் பக்கத்திலிருந்து பார்த்தார். லென்ஸ்காரிக்கு வட்டம்தான் வேதம். நேராகத் தேய்த்தால் லென்ஸில் வரி விழும். இருபத்தாறு வருஷமாகக் கை கற்ற ஒரே பாடம் அது. அந்தக் கையால்தான், இருப்பதிலேயே பிரியமான தகட்டை, பிரியமானது என்பதாலேயே அதிகமாகத் துடைத்திருக்கிறாள்.

“உங்ககிட்ட கீறல் எடுக்கற மெஷின் இருக்கில்ல?” என்றாள்.

“இருக்கு. மொத்தத் தோலையும் சீவும். இது ஏற்கனவே மெலிஞ்சு கிடக்கு. பொழைச்சா உண்டு, இல்லேன்னா அவ்வளவுதான். என் கையால வேணாங்கா.”

“என்ன பிளாஸ்டிக் இது?” என்று கேட்டாள். பழுது பார்க்கிறவர் சொன்னார். உடையாத லென்ஸ் செய்கிற அதே பிளாஸ்டிக். அவள் தகட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். “நான் கெடுத்தது. நானே பார்க்கிறேன்.”

மகளுடைய பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுத் தகடுகள், கேமரா வாங்கினால் இலவசமாக வந்தவை, எல்லாம் சமையலறை மேஜைக்கு வந்தன. கை பழக, தானே ஆணியால் வட்டமாகக் கீறுவாள். மெருகுப் பசையை விரல்நுனித் துணியில் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுப்பாள். முதல் இரண்டு இழுப்பு நேர். மூன்றாவது, அவள் அறியாமலே வளையும். பத்தாவதில் முழு வட்டம். “சனியன், நில்லுன்னா நிக்கறதா பாரு” என்று தன் கையைத் தானே அறைவாள். ஏழு தகடுகள் வீணாயின. வேலையிலும் கை குழம்பியது. ஒரு வாடிக்கையாளர், “படி இறங்கினா படி ஆடுது” என்று கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

முதலாளி அந்த லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, இது நீங்க பண்ணினதா?” என்று மூன்று தடவை கேட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் குரல் தட்டையாக இருந்தது. அவர் எழுதினார்: ‘விட்டுடு. எனக்கு உன் கைதான் முக்கியம்.’

அவள் அதைப் படித்தாள். வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அப்புறம் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் துணியை எடுத்தாள்.

“வலது கைக்கு எல்லாம் தெரியும். அதனாலதான் கேக்க மாட்டேங்குது. இதுக்கு ஒண்ணுமே தெரியாது. இதுக்குச் சொல்லிக்குடுக்கறது சுலபம்.”

அதன்பின் பார்த்ததை யாரிடமாவது சொல்லத் தனக்குக் குரல் இல்லாமல் போனதே என்று அவர் வருந்தினார். கடையில் வலது கை வட்டம் போட்டது. வீட்டில் இடது கை நேர்க்கோடு இழுத்தது. அந்த வயதில், சோற்றுக் கை அல்லாத கை, எழுத்துப் பழகுகிற குழந்தைபோல் நடுங்கி, வழுக்கி, மூன்று வாரத்தில் நடுக்கம் நின்று, நாலாம் வாரத்தில் நூல் பிடித்தாற்போல் ஓடியது. ஆணியால் கீறிய தகடு ஒன்று தங்கு தடையில்லாமல் ஓடி முடிந்தது. அவள் சிரிக்கவில்லை. இன்னொன்றை எடுத்துக் கீறினாள். தொடர்ந்து ஐந்து ஓடிய பிறகே, “ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்” என்றாள்.

ஞாயிறு காலை ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப் போட்டாள். மகள் வந்திருந்தாள், காப்பி எடுக்கக் கம்ப்யூட்டரோடு. அவர் விளக்குப் பிடித்தார். நாலாவது தகடு வெள்ளைத் துணிமேல் மல்லாந்து கிடந்தது. ஒரு இழுப்பு, துடைப்பு, ஜன்னலுக்குக் காட்டல், கம்பி கோணுகிறதா என்று பார்த்தல். அடுத்த இழுப்பு. வடை தட்டுவதுபோல் வேலை செய்கிறவர்கள் உண்டு. அவள் அன்று மூச்சை அளந்து வேலை செய்தாள். இழுக்கும்போது விடவில்லை, எடுத்தபின் விட்டாள். மகள், “அம்மா, போதுமே, போட்டுப் பாரேன்” என்று இரண்டு முறை சொல்லி, மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோது அப்பா விரலை உதட்டில் வைத்தார். ஜன்னல் வெளிச்சம் மேஜையைக் கடந்து தரைக்கு இறங்கி, சுவர்வரை போய்விட்டது. கடைசியில் அவள் தகட்டைத் தூக்கிக் காட்டினாள். எட்டுக் கம்பிகளும் எட்டு நேர்க்கோடாக அதில் நின்றன.

“உள்ள எப்படியோ. மேல சரியாயிடுச்சு” என்றாள்.

அவள் முக்காலியில். அவர் பின்னால். மகள் நிலைப்படியில். வண்டி புறப்பட்டது, மணி அடித்தது, மண் சரிந்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. எங்கே சிதறுகிறது என்று பார்க்க வேண்டுமே. கிணறு வந்தது. திரை முழுக்க இருட்டு. இருட்டுத் திரை கண்ணாடியாகி அறையைக் காட்டியது: முக்காலி, அவள், அவளுக்குப் பின்னால் அவர்.

“ஏய்” என்றது குரல். மகள் நிலையை இறுகப் பிடித்தாள்.

“ஏய் அவசரக்காரி, பதறாதே. நான் இங்கதான் இருக்கேன். மெதுவாவே வா.”

ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. மகள், “அம்மா!” என்று கத்தினாள். அவள் வழக்கமான “ம்” சொல்லவில்லை. முதுகு அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் எது எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியாதா? இருட்டில் அந்த உதடுகள் அசைந்ததையும், குரல் முடிந்த இடத்தில் அவையும் முடிந்ததையும் பார்த்துவிட்டாள். அவருக்கு அது புரிந்தபோது முகத்தை மறைக்கப் பலகையைத் தேடினார். பலகை சமையலறையில் இருந்தது.

அவள் ரிமோட்டை எடுத்துக் கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். எழுந்தாள். பன்னிரண்டு வருஷமாக யாரையும் நகர்த்த விடாத முக்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, அவர் முழங்காலோடு முழங்கால் இடிக்க, எதிரே உட்கார்ந்தாள்.