இரண்டு தெருவுக்கு ஒரு பதிவுத் தபால்

மனஸ்தாபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு பைபிளிலேயே விதி இருக்கிறது. முதலில் தனியாகப் போய்ப் பேசு. கேட்கவில்லையா? ஒன்றிரண்டு சாட்சிகளோடு போ. அதற்கும் மசியவில்லையா? சபைக்குச் சொல். மூன்றடுக்கு மேல்முறையீடு! அரசாங்க ஆபீசில் ஆயுளைக் கழித்த எனக்கே இவ்வளவு தெளிவான நடைமுறை கிடைத்ததில்லை.

எங்கள் ஊர் மீனவர் தாசுதான் முதல் படியைத் தாண்டி நேராக என்னிடம் வந்துவிட்டார்.

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு... எல்லாம் முறை வைத்துத்தான். 'பாடு' என்பார்கள். செல்வராஜின் முறை நாளில், அவர் பொன்னேரி போயிருக்கிறார், திரும்ப மாட்டார் என்று நினைத்துத் தாசு தன் வலையைக் கட்டிவிட்டார். செல்வராஜ் வந்துவிட்டார். பார்த்தார். படகைத் திருப்பினார். அன்றோடு பேச்சு நின்றது.

செல்வராஜ் வேறு யாருமில்லை, தாசுவின் மனைவிக்குத் தம்பி. ஈஸ்டர் முடிந்ததும் தாசுவின் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம்.

"மாமன் வரலைன்னா கோயில் படி ஏற மாட்டேன் நைனானு பொண்ணு சொல்லிட்சி சார். நீங்கதான் எதனா பண்ணணும்."

பண்ணினேன். நான்கு பக்கக் கடிதம். முறைக்காரர் வராவிட்டால் இடம் காலியாகவே கருதப்படும் என்பதற்கு உள்தலைப்புகளோடு விளக்கம். தாசு தவறே செய்யவில்லை என்று நிரூபித்துவிட்டு, கடைசி வரியில் கல்யாண அழைப்பு.

"மன்னிச்சிக்கோனு ஒரு வார்த்தை போட்லாமா சார்?"

"கூடாது. நம் தரப்பு பலவீனமாகிவிடும்."

பொன்னேரி வரை போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். செல்வராஜ் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை.

அந்த ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: ஞானம் உள்ளவன் அதை வாயால் காட்ட வேண்டாம், நடத்தையில் காட்டட்டும் — அதுவும் சாந்தமாக. ரொம்பச் சரி என்று தலையாட்டினேன். செல்வராஜ் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து தாசுவின் முறை வந்தது. அவர் வலையைத் தொடவில்லை. செல்வராஜ் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்பு பண்ணிட்டேன் மச்சான். இன்னிக்கு என் மொறைய நீ எடுத்துக்கோ."

செல்வராஜ் வலையைத் தூக்கிக்கொண்டு போனார். படகு திரும்பியபோது தாசு கரையிலேயே இருந்தார். உட்கார்ந்து, மச்சானின் வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நான் விரைந்தேன். "தாசு, இப்படி இறங்கிப் போனால் என் கடிதத்துக்கு என்ன மதிப்பு?"

"இந்தாண்ட ஒரு முனைய புடி சார்."

பிடித்தேன். வேறென்ன செய்வது?

சில நாள் கழித்து, மாலைப் பூசை முடிந்த கையோடு செல்வராஜ் என் வீட்டுக்கு வந்தார். கையில் என் கடிதம்.

"படிச்சேன் சார். சூப்பரா இருந்துது. படிச்சப்புறம்தான் கல்யாணத்துக்குப் போவவே கூடாதுனு முடிவு பண்ணேன்."

"இப்போது?"

"மாமா வந்து பாசி எடுத்துனு குந்திட்டாரு. அதுக்கு மேல இன்னா சார் பண்றது? கல்யாணத்துக்கு வரேன். ஆனா ஒண்ணு..."

"என்ன?"

"மேடையில வாழ்த்துரை நீங்க பேசாதீங்க."

கோப்பில் குறித்துக்கொண்டேன். பதில் கிடைத்த நாள்: ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் குனிந்து ஊர்க்காரர்களின் கால்களைக் கழுவுகிற நாள்.