கந்தூரி விறகும் அபூதாஹிரின் கண்டலும்

கிண்ணியாவில் இறால் பிடிக்கிறவர்கள் எத்தனையோ பேர். பொழுது சாய்ந்தால் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஸல்ஹாவின் தம்பி அபூதாஹிர் மட்டும் கண்டல் மரக் காய்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, நடுவதற்கு மறுபடி சேற்றில் இறங்குவான். சுண்ணாம்புச் சூளைக்கென்று வெட்டி வெட்டியே மொட்டையாகிப் போன சதுப்புக்கரை அது. மரம் போனதோடு இறாலும் போயிற்று என்பது அவன் கதை. உண்மைதான், ஸல்ஹாவுக்கும் தெரியும். ஆனால் முழங்கால்வரை சேறோடு நிற்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த சம்பந்தங்கள் எல்லாம் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

முதலில் நட்டவற்றை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்து நட்டவற்றை ஸல்ஹாவின் ஆடுகளே தின்றன.

"ராத்தா, உங்கட ஆட்டக் கட்டுங்க."

"நீ உன்ட காட்டக் கட்டுடா!"

கட்டினான். முள் வெட்டி வந்து சுற்றிவர அடைத்தான். சில வருஷத்தில் கண்டல் ஆளுயரம் வளர்ந்தது. இறால் குஞ்சு வந்தது, கொக்கு வந்தது, எங்கிருந்தோ நீர்நாயும் வந்தது. அதற்கும் ஏச்சு ஸல்ஹாவுக்குத்தான். அடுத்த வீட்டுப் பரீதா வேலிக்கு மேலால் கத்தினாள்:

"உன்ட தம்பி வளக்கிற நாய் எங்கட வலையக் கிழிச்சிட்டு!"

"அது நாயில்ல மச்சி, நீர்நாய்."

"கிழிஞ்ச வலைக்கு ரெண்டும் ஒண்டுதான்!"

எழுபத்தாறாம் ஆண்டு, ஊருக்கே சோறாக்கும் பள்ளிவாசல் கந்தூரி அடைமழைக்குள் வந்தது. ஊரில் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. கண்டல் பச்சையாகவே எரியும். மறுநாள் வெட்ட வருவதாகப் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் மஹ்ரூப் சொல்லியனுப்பினார். அபூதாஹிர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"வாயத் திறந்து ஏலாதெண்டு சொல்லன்டா!"

"பள்ளிக்கு எப்பிடி ராத்தா ஏலாதெண்டு சொல்ற?"

சேற்றோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மரைக்காரோடு பேச வராது. விடிந்ததும் ஸல்ஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மஹ்ரூபின் வாசலில் போய் நின்றாள்.

"மரைக்கார், காய்ஞ்ச விறகு என்னட்ட இருக்கு. என்ட ஆட்டுக் கொட்டில் முழுக்கப் பாலை மரம். பிரிச்செடுங்க."

"அப்ப ஆடுகள் எங்க புள்ள நிக்கும்?"

"கந்தூரிச் சட்டிக்குள்ள. அதுகளையும் கொண்டு போங்க. ஆனா கண்டல்ல கத்தி வைக்கப்படாது. இண்டைக்கு மட்டுமில்ல, எண்டைக்கும்."

விறகும் இறைச்சியும் ஒன்றாக வாசலுக்கு வந்தால் எந்த மரைக்கார் விடுவார்? கண்டல் வெட்டக் கூடி நின்றவர்கள் எல்லோரும் கேட்க, "ஓம்" என்றார் மஹ்ரூப்.

மத்தியானத்துக்குள் கொட்டில் இருந்த இடம் வெறும் தரையாயிற்று. ஸல்ஹா குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அபூதாஹிர் சேற்றுக்காலோடு உள்ளே வந்தான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ராத்தா, மரம் இழுத்தவனுகள் கரையால போயிருக்கானுகள். ரெண்டு கண்டல் கண்டு முறிஞ்சி கிடக்கு. கரையால போகாதீங்க எண்டு சொல்லி அனுப்பியிருக்கலாம்தானே?"

ஸல்ஹா அகப்பையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"எந்த இடத்தில?" என்று கேட்டாள்.