லுட்டாயாவுக்குக் கட்டிய இலைப்பொதி

நியெண்டோ சந்தையில் நாந்துமேயின் சமையல் கொட்டகைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாழையிலையைத் தணலில் வாட்டி, கோழித் துண்டுகளை வேர்க்கடலைக் குழம்போடு அதில் பொதிந்து, நாரால் கட்டி அவிக்கும் வாசனையே ஆட்களை இழுத்து வந்துவிடும். லாரி வைத்திருந்த கணவன் இறந்த பிறகு, மகன் கயீராவை அந்த அடுப்படியில்தான் ஆளாக்கினாள்.

அந்த வாசனைக்கு ஒரு நாள் லுட்டாயாவும் வந்தான். அந்த ஊர் வழக்கப்படி முழங்காலிட்டுத் தட்டை நீட்டிய நாந்துமே, நிமிர்ந்து பார்த்ததும் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு காலத்தில் அவளுக்காக அவள் தகப்பனிடம் வந்து நின்றவன் அவன். சொந்தமாக ஒரு படகுகூட இல்லாதவன் என்று தகப்பன் விரட்டிவிட்டார். அவன் தீவுக்கு மீன் பிடிக்கப் போனான். அவள் லாரிக்காரன் வீட்டுக்குப் போனாள். தீவில் அவன் கட்டியவளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"உப்பு கூடிருச்சா?" என்று கேட்டாள்.

"நீ அப்பவும் கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவ."

"அதெல்லாம் இன்னுமா ஞாபகம் இருக்கு?"

"உப்பு மட்டுமா ஞாபகம் இருக்கு," என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

அதன்பின் படகு கரைக்கு வந்த நாளெல்லாம் அவனும் வந்தான். ஒரு நாள், தன்னோடு வந்துவிடுகிறாயா என்று கேட்டே விட்டான். அவள் உள்ளம் அன்றே கிளம்பிவிட்டது. ஆனால் கயீரா, தன் தகப்பனின் கடைசிச் சடங்கில் மரப்பட்டைத் துணி போர்த்தி வாரிசாக அவர் இடத்தில் உட்கார்ந்தவன். இனி அந்த வீட்டுக்கு அவன்தான் தலைவன். அவன் சம்மதிக்காமல் அவள் வாசலைத் தாண்ட முடியாது.

"பேரன் எடுக்கிற வயசுல கல்யாணமா அண்ணி? மீன் வேணும்னா சந்தையில வாங்கிக்கலாமே," என்றாள் கணவனின் தங்கை நலுபேகா. கயீரா, ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சேவலை அறுத்தார்கள். அந்த ஊரில் எந்த வீட்டிலும் கோழியின் இரைப்பை அந்த வீட்டு ஆண்தலைவனுக்குத்தான். வேறொருவர் தொட்டால் பெரிய சண்டையே வரும். தகப்பன் போனபின் அது கயீராவுக்கு. நாந்துமே அதைக் கழுவி, கீறி, மசாலா தடவினாள். அவள் விரல்கள் அதை ஒரு பொதியில் வைத்துக் கட்டின. யாருடைய பொதி என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

பாயில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவரவர் பொதியை அவரவர் பிரித்தார்கள். கயீரா துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலை தூக்கினான். இரைப்பை லுட்டாயாவின் இலையில் இருந்தது.

நலுபேகா வாயில் இருந்ததை விழுங்கினாள். "அவசரத்துல மாத்திக் கட்டிட்டீங்க. அப்படித்தானே? ஆமான்னு சொல்லிருங்க அண்ணி."

ஆமாம் என்று சொன்னால் சாப்பாடு நடந்துவிடும்; லுட்டாயா கைகழுவிவிட்டு ஒரேயடியாகப் போய்விடுவான். நாந்துமே தன் இலையைத் தள்ளி வைத்தாள்.

"மாத்திக் கட்டல," என்றாள். "தெரிஞ்சுதான் கட்டினேன்."

லுட்டாயா அதை எடுத்து மெதுவாகக் கயீராவின் இலையில் வைத்தான். "இது உனக்குள்ளது தம்பி. உங்கப்பா இடத்தைப் பிடிக்க நான் வரல."

கயீரா தாயின் முகத்தைப் பார்த்தான். இப்படி வெளுத்துப்போய், இப்படி ஆசையோடு அவளை அவன் பார்த்ததே இல்லை.

"இந்த வீட்ல இது எனக்குத்தான்," என்றான். "உங்க வீட்ல யாருக்கு வைக்கணும்னு அம்மா பாத்துக்கட்டும். ஆனா காப்பி அறுவடை முடியட்டும் ஐயா. ஊரைக் கூட்டிட்டு வந்து முறையா கேளுங்க. அதுவரைக்கும் கொட்டகைப் பக்கம் வரவேணாம்."

"வரும்போது இவன் அத்தை எனக்கும் நல்ல பட்டுல உடுப்பு கொண்டு வரணும்," என்றாள் நலுபேகா விறைப்பாக. "மீன் நாத்தம் அடிக்கிற துணியெல்லாம் நான் தொடமாட்டேன்."

சாலை வரை நாந்துமே கூடவே போனாள். லுட்டாயா பைக் டாக்சியில் ஏறித் திரும்பிப் பார்த்தான். செம்மண் புழுதி அடங்கிய பிறகும் அவள் நின்றாள். தோட்டங்களில் காப்பிக் காய்கள் இன்னும் பச்சையாகவே இருந்தன. இத்தனை வருடமும் காத்திருந்ததை அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இப்போது காத்திருக்கலாம் என்று ஆனபின், ஒரு பொழுதைத் தள்ளுவதுகூட அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.