எப்படி வேண்டுமானாலும் வரலாம்

அலுவலகத்துக்கு வந்ததும் டை சார் முதலில் கதவுக் கண்ணாடியில் கழுத்தைப் பார்ப்பார். டை முடிச்சு நேராகத்தான் இருக்கும். ஆனாலும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். பிறகு தன் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மேசை இழுப்பறையை இரண்டு முறை இழுத்து மூடி, கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு உட்காருவார். உடனே எழுந்துவிடுவார். "யாரோ உக்காந்திருக்காங்கம்மா. சீட்டு சூடா இருக்கு." காலை வெயில் ஜன்னல் வழியாக அந்த நாற்காலியில்தான் விழுகிறது என்று அடுத்த மேசைக்காரி நான் எத்தனை தடவைதான் சொல்வது!

எங்கள் நிதி நிறுவனத்தில் பெரிய கடன்களுக்கான சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை அவருக்கு. வயது ஐம்பத்து நாலு. எங்கள் எல்லோருக்கும் அவர் டை சார். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடன் கேட்டு வந்தவரிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார், நடுவில் பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரித்துக்கொண்டே. சிரித்த முகத்தோடு வருகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு கேள்வி உண்டு. தன் நிழல் பின்னால் வந்தாலும் "என்ன வேணும்?" என்று திரும்பிக் கேட்கிற மனிதர்.

இப்பேர்ப்பட்டவரிடம் போய், புதிதாக வந்த மேனேஜர் அம்மாள், "இனிமே டை, கோட்டு எதுவும் கட்டாயம் இல்ல. உங்க வசதிதான் முக்கியம். எப்படி வேணும்னாலும் வரலாம்," என்று சொன்னால்? அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். நாங்கள் கை தட்டினோம். டை சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது," என்றார் சீட்டுக்கு வந்ததும். "இத்தனை வருஷம் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தப்ப வராத அக்கறை இப்ப எங்கேருந்து வந்துச்சு? 'எப்படி வேணும்னாலும்'னா, யாரு எப்படி வர்றாங்கன்னு பார்க்கப் போறாங்கன்னு அர்த்தம். பார்த்துட்டு, பிடிக்காதவன வெளிய தள்ளுவாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நினைத்துச் சிரித்தேன்.

ஒரே மாதத்தில் அலுவலகமே ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் ஆகிவிட்டது. கேஷியர் செருப்போடு வந்தார். டை சாரோ எல்லோருக்கும் சேர்த்து ஈடுகட்டுகிற மாதிரி, உட்கார்ந்திருக்கும்போதும் கோட்டைக் கழற்றாமல் இருக்க ஆரம்பித்தார். வினையே அங்கேதான் வந்தது. எல்லோரும் டை கட்டிய காலத்தில் அவர் டையை யாரும் கவனித்ததில்லை. இப்போது எங்கள் தொழிலில் அப்படி உடுத்திக்கொண்டு வருகிறவன் ஒருத்தன்தான்: வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறவன். காபி மிஷின் பக்கத்தில் கேஷியர்தான் முதலில் கொளுத்திப் போட்டார். "நெருப்பில்லாம புகையுமா?" சத்தியமாக எனக்கும் சந்தேகம் வந்தது. அந்த வாரம் இரண்டு முறை மத்தியானத்தில் வெளியே போனார். பல் வலியாம். கன்னம் வீங்கவே இல்லை.

பேச்சு மேனேஜர் காதுக்கும் போனது. அவள் அவரை அறைக்குக் கூப்பிட்டாள். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"நீங்கதான் மேடம் சொல்லணும்."

"நான் என்ன சொல்லணும்?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்."

போகப்போகிற ஆளிடம் பெரிய கடன்களின் பத்திரங்களைக் கொடுத்து வைக்கமாட்டார்கள்; எங்கள் தொழிலில் அது வழக்கம். மறுநாளிலிருந்து அவருக்கு வர வேண்டிய பத்திர உறைகள் ஒவ்வொன்றாக வேறு மேசைக்குத் திரும்பின. "பாத்தியாம்மா, நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். சொன்னது பலித்த சந்தோஷம் அந்த முகத்தில் துளியும் இல்லை. காலி மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க வேற வேலை தேடுறீங்கன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. எல்லாம் இந்த டையாலதான்."

"நானா?" துடைக்கிற துணியைக் கீழே போட்டார். "இந்த வயசுல என்னை எவன்மா கூப்பிடுவான்? பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல. இந்த வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்?" அடுத்த மூச்சில் கண்ணைச் சுருக்கினார். "ஆமா, இத எங்கிட்ட சொல்லச் சொல்லி உன்னை யாராவது அனுப்பினாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு, நல்லதுக்குக் காலமே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவர் நீல டி-ஷர்ட்டில் வந்தார். கடையில் மடித்த மடிப்பு அப்படியே நெஞ்சில் சதுரமாகத் தெரிந்தது. "பனியன்மா இது," என்றார், யாரோ தூக்கத்திலிருந்து எழுப்பி அப்படியே கூட்டி வந்துவிட்ட மாதிரி. "ஊரோட ஒத்துப் போகத் தெரியாதான்னு வீட்டுல ஒரே சண்டை." கை அடிக்கடி கழுத்துக்குப் போய், அங்கே எதுவும் இல்லாமல் கீழே இறங்கியது.

மேனேஜர் அவர் மேசைக்கே வந்துவிட்டாள். "உங்களுக்கு நல்லா இருக்கு சார். அப்போ எங்கேயும் போகலயே?"

"போறேன்னு யாரு சொன்னா?" என்று திருப்பிக் கேட்டார் இவர்.

அவள் சிரித்துவிட்டாள். மத்தியானத்துக்குள் தடித்த உறை ஒன்று ஒட்டிய வாய் பிரிக்காமல் அவர் மேசைக்கு வந்தது. பெரிய கடனுடைய பத்திரங்கள். டை சார் இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. என் கோபமும் போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். பிடரியில், டி-ஷர்ட் கழுத்துக்கு வெளியே, விலை அட்டை நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் கத்தரிக்கோலை நீட்டினேன். "சார், பின்னாடி அட்டை தொங்குது. வெட்டிடுங்க."

அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இருக்கட்டும்மா. நாளைக்கே இவங்க மாத்திச் சொன்னா? அட்டை இருந்தாத்தான் கடைக்காரன் திருப்பி எடுப்பான்."

கத்தரிக்கோலை வாங்கி உறையின் வாயை நறுக்கினார். என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு இரண்டு விரலால் அந்த அட்டையை நூலோடு கழுத்துக்குள் தள்ளிவிட்டு, முதல் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.