தாய்வீடு போன ஆராய்ச்சி

இரண்டு வருஷத்துக்கு முன்பு, திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் நடந்தது இது. நான் அப்போது விழுப்புரத்தில் நர்சிங் முதுகலை இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிறவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வருஷத்துக்கு மேல் அதே பிரசவ வார்டில் வேலை பார்த்துவிட்டு, "இந்த வயசுல இன்னா படிப்பு வேண்டிக் கெடக்குது?" என்று மாமியாரில் தொடங்கி எதிர்வீடு வரை பேசிய பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, சம்பளம் இல்லாத விடுப்பில் போய்ச் சேர்ந்தவள். விடுப்பு முடிவதற்குள் ஒரு ஆராய்ச்சி செய்து கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் பட்டம். கொடுக்காவிட்டால் எதிர்வீட்டு முகத்தில் எப்படி விழிப்பது?

நான் எடுத்துக்கொண்ட விஷயம் ரொம்ப எளிமையானது. மூக்கால் மூச்சை இழுத்து, வாயை மூடிக்கொண்டு, 'ம்ம்ம்ம்' என்று நீளமாக ரீங்காரம் செய்தபடி மூச்சை விடுவது. யோகாவில் உள்ளதுதான். டாக்டர், மருந்து, ஊசி எல்லாம் வழக்கம்போல நடக்கும். அதோடு கூட இதையும் கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் பழக்கிவிட்டால், பிரசவ நேரத்தில் வலி கொஞ்சம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறைகிறது என்று சும்மா சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். இதைக் கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு குழு, கற்றுக்கொள்ளாதவர்கள் ஒரு குழு என்று பிரித்து, இரண்டையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

என் வழிகாட்டியாக இருந்த பேராசிரியை பெரிய கண்டிப்புக்காரர். "ரெண்டு குழுவும் ஒண்ணோட ஒண்ணு கலந்துச்சுன்னா மொத்தமும் வேஸ்ட்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நானா விடுவேன்? உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் மருத்துவமனைக்கு ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களுக்குத் திங்கட்கிழமை பரிசோதனை. கிளியனூர் பக்கத்தவர்களுக்கு வியாழக்கிழமை. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஒலக்கூருக்குச் சொல்லிக் கொடுப்பது, கிளியனூருக்குச் சொல்லிக் கொடுக்காமல் விடுவது. நாளும் வேறு, பஸ்ஸும் வேறு, திசையும் வேறு. எப்படிக் கலப்பார்கள்? பேராசிரியையே "பரவாயில்லையே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமைகள் ஒரே கூத்தாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு ரீங்காரம் செய்யச் சொன்னால் ஒருத்தி சிரிப்பாள், அவளைப் பார்த்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வலியைச் சொல்வதற்காக, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாகப் படம் போட்ட அட்டை ஒன்று வைத்திருந்தேன். அதில் கடைசி முகத்தைக் காட்டி, "சிஸ்டர், இது எங்க மாமியா மூஞ்சி மாதிரியே கீது" என்றாள் ஒரு பெண். நல்ல வாயாடி. ஒலக்கூரில் வாழ்க்கைப்பட்டவள், முதல் பிரசவம். ரீங்காரத்தை எல்லோரையும்விட நன்றாகப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். வேர்க்கடலைச் செடியில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டே செய்கிறாளாம், பஸ்ஸுக்கு நிற்கும்போது செய்கிறாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை அப்படி இருக்காது. கிளியனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அவளுக்கும் தலைப்பிரசவம்தான், தன் அக்காவின் பிரசவத்தைக் கூட இருந்து பார்த்துப் பயந்துபோயிருந்தாள். வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலி தாங்குற மாதிரி இருக்குமா சிஸ்டர்?" என்று கேட்பாள். வழக்கமாக எல்லோருக்கும் சொல்கிற தைரியத்தை நானும் சொல்வேன். அதற்குமேல் சொல்லக் கூடாது. இரண்டு குழு இருக்கிறது என்றும், இந்தக் குழுவுக்கு மூச்சுப் பயிற்சி கிடையாது என்றும் முன்னாலேயே விளக்கிச் சம்மதம் வாங்கியிருந்தேன். அவளும் சரி என்று தலையாட்டியவள்தான். ஆனாலும் அவள் கையை உடனே விடாமல், அடுத்த பெண்ணைக் கொஞ்சம் தாமதித்தே கூப்பிடுவேன்.

இதற்கிடையில் ஒலக்கூர் வாயாடி வளைகாப்புக்குக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியுமா? போனேன். கன்னத்தில் சந்தனம் பூசினேன், கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கினேன். புளிசாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று இலையில் வைத்ததையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். சாயங்காலம் அவளுடைய அம்மா வீட்டுக்காரர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சிஸ்டர், கத்துக்குனத அங்க போயும் செய்லாமில்ல?" என்று கேட்டாள்.

"தாராளமா செய்யி, கண்ணு" என்றேன் நான். கையை வேறு ஆட்டினேன்.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பேராசிரியை விழுப்புரத்திலிருந்து வேலையைப் பார்வையிட வந்தார். மாடிப்படி ஏறும்போது, "ரெண்டு குழுவும் கலக்கலையே?" என்று கேட்டார். "கலக்கவே கலக்காது மேடம், திசையே வேற" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஏசி மிஷின் ஏதோ ரிப்பேர் ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அந்த ஹாலில் ஏசியே கிடையாது.

உள்ளே போய்ப் பார்த்தால், கிளியனூர்ப் பக்கத்துக் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, 'ம்ம்ம்ம்' என்று ரீங்காரம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முழங்கை வரை வளையல் குலுங்க, என் ஒலக்கூர் வாயாடி!

என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வந்துட்டீங்களா சிஸ்டர்! பாருங்க, அல்லாருக்கும் சொல்லிக் குட்துட்டேன். எங்க அம்மா ஊரு கிளியனூருதான? நீங்க ஒண்டியா எத்தினி பேருக்குச் சொல்லிக்கினு இருப்பீங்க, பேஜாருதான?" என்றாள்.

பேராசிரியை என் காதருகே குனிந்து, "இவங்கதான் சொல்லித் தராத குழுவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

உனக்கு யாரடி சொல்லித் தரச் சொன்னது என்று கத்த வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போவாள், தலைப்பிரசவம் அங்கேதான் என்பது எனக்குத் தெரியாதா? நானே அப்படிப் போனவள்தானே! திசை பார்த்தேன், பஸ் பார்த்தேன், கிழமை பார்த்தேன். தாய்வீட்டை மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு, வேனுக்குக் கையாட்டி நானே வழியனுப்பியும் வைத்திருக்கிறேன். அத்தனை மாத உழைப்பும் போச்சு, பட்டமும் போச்சு என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

சரி, இப்போதாவது நிறுத்தச் சொல்வோம், பிரசவ நேரத்தில் இதைச் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சியில் பாதியாவது மிஞ்சும் என்று ஒரு நப்பாசை. எல்லோரையும் பார்த்து வாயைத் திறந்தேன். அதற்குள் பிரசவ அறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பயந்தாங்கொள்ளிப் பெண்ணுக்குக் காலையிலேயே வலி எடுத்துச் சேர்த்திருந்தார்களாம். இப்போது நெருக்கிவிட்டது, என்னைத்தான் கேட்கிறாள் என்றார்கள். ஓடினேன். பேராசிரியையும் கூடவே வந்தார்.

டாக்டர் பக்கத்தில் இருந்தார். எல்லாம் முறையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் மட்டும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, வேர்த்து ஊற்றிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"சிஸ்டர், அந்த அக்கா ஊருலயே எனக்கும் சொல்லிக் குட்தாங்க. நான் இன்னும் செய்யல. நான் பயிற்சி இல்லாத குழுவுலதான கீறேன்... செஞ்சா உங்க படிப்பு கெட்டுப் போவுமா?"

உயிர் போகிற வலி. வழி தெரிந்தும் அதைச் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், எதற்கு? என் படிப்புக்காக! ஒலக்கூரையும் கிளியனூரையும் பிரித்து நான் போட்ட கணக்கை, எனக்காகக் காப்பாற்றிக்கொண்டு கிடந்தவள் இந்த ஒருத்திதான்.

"படிப்பு கெடக்குதுடி என் தங்கமே! செய்யி, ஜல்தியா செய்யி. நானும் கூடச் செய்யறேன்" என்றேன். மூச்சை இழுத்து ரீங்காரத்தைத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள். முதலில் குரல் நடுங்கியது. அடுத்த வலிக்குக் கொஞ்சம் நிதானம் வந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. திடீரென்று இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. திரும்பினால் எங்கள் பேராசிரியை! கண்டிப்புக்காரர், சிரித்தே நாங்கள் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும்விடச் சத்தமாக ரீங்காரம் செய்துகொண்டிருந்தார். டாக்டர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

பெண் குழந்தை. பிறந்ததும் போட்ட சத்தத்தில் எங்கள் மூன்று பேர் ரீங்காரமும் அடங்கிப்போனது.

அம்மாவும் பிள்ளையும் கொஞ்சம் ஆசுவாசப்பட்டதும், பழக்கதோஷத்தில் முகம் போட்ட அட்டையை எடுத்து நீட்டினேன். வலி எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் கடைசியில் இருந்த, வாய்விட்டு அழுகிற முகத்தையே தொட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவளோ சிரிக்கிறாள். "வலி இதான் சிஸ்டர், பொய்யா சொல்லுவேன்? ஆனா பயம் போய்டுச்சு. வர்றது வரட்டும்னு ஆய்டுச்சு" என்றாள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது பேராசிரியைதான் பேச்சை எடுத்தார். "நீ வலி குறையுதான்னு கேட்ட. அந்தப் பொண்ணு பதில் வேற சொல்லுது பாரு. பயம் குறையுதான்னு மாத்திக் கேளு. ரெண்டு குழு வேணாம். ஒவ்வொருத்தரையும் கத்துக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் கேளு, கத்துக்கிட்டப்புறம் ஒருதரம் கேளு. இதுக்கு மதிப்பு கொஞ்சம் கம்மிதான். பரவாயில்ல, உண்மையா இருக்கும்." அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல போய் அந்த வாயாடிக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வா" என்றார்.

புதுத் திட்டத்துக்கு மறுபடி அனுமதி வாங்கி, மறுபடி ஆரம்பித்தேன். விடுப்பை நீட்டித்தேன், மாமியாரிடம் மறுபடியும் பேச்சு வாங்கினேன். அதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. திங்கள், வியாழன் இரண்டு நாளும் ஹாலில் ஒரே ரீங்காரம்தான், ஒரே சிரிப்புதான். வலி குறைகிறது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. முடியவில்லை என்றே எழுதினேன். பயம் குறைந்ததாகப் பெண்களே சொன்னார்கள், அதையும் எழுதினேன். ஆராய்ச்சியின் குறைகள் என்று எழுத வேண்டிய இடத்தில், 'வளைகாப்புக்குப் பின் பெண்கள் தாய்வீடு செல்வதை ஆய்வாளர் கருத்தில் கொள்ளவில்லை' என்று ஒளிக்காமல் எழுதிவிட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா அந்த வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். அவர் சிரிக்க, எங்கள் பேராசிரியை சிரிக்க, பதில் சொல்ல நின்ற எனக்கும் அடக்க முடியவில்லை. பட்டம் கிடைத்துவிட்டது.

இப்போது பழைய வார்டிலேயே வேலையில் இருக்கிறேன். எத்தனையோ பிரசவம் பார்த்துவிட்டேன், இன்னும் பார்ப்பேன். ஆனால் நாம்தான் இவர்களைக் கவனித்துக்கொள்கிறோம் என்ற நினைப்பு எனக்குள் தலைதூக்கும்போதெல்லாம், வலியில் துடித்துக்கொண்டே 'உங்க படிப்பு கெட்டுப் போவுமா' என்று கேட்ட அந்தக் குரல் காதில் விழுகிறது, அந்த அறையில் அன்றைக்கு யார் யாரைக் கவனித்துக்கொண்டார்கள் என்று எண்ணி மனசு நிறைந்துபோகிறது.