சீமோன் வேஷம் கட்டிய சூசையண்ணன்

சூசையண்ணன் போய்விட்டார்.

இன்று காலை விழுப்புரத்திலிருந்து அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். "சார்... அப்பா போய்ட்டாரு. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்றேன். ஃபேஸ்புக்ல நாலு வரி எழுதுங்க சார். நீங்க எழுதுனா அப்பாவுக்குப் புடிக்கும்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் வரை ஒரு வரி எழுத முடியவில்லை.

எண்பதுகளில், திண்டிவனத்தில் நான் வரலாறு நடத்திய பள்ளியில் அவர் லேப் அட்டெண்டர். கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கிறிஸ்தவக் கிராமம் அவருக்கு.

தவக்காலத்தில் அந்த ஊரில் ஏசுவின் பாடுகளை பாஸ்கா நாடகமாகப் போடுவார்கள். அதில் வருஷா வருஷம் சீமோன் வேஷம் இவருக்குத்தான். ஏசு தள்ளாடும்போது, வயலிலிருந்து வீடு திரும்பும் ஒருவனைப் பிடித்து இழுத்து, சிப்பாய்கள் சிலுவையைத் தூக்கச் சொல்வார்களே... அந்த ஆள். வசனம் கிடையாது. சுமந்தால் போதும்.

சிலுவை நிஜப் பனங்கட்டை. நாடகம் முடிந்த வாரம் தோளில் பச்சிலைப் பற்றோடு வந்து லேபில் பியூரெட் குழாய்களைக் கழுவிக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு நாள்தான் என்னிடம் கேட்டார்.

"சார், நீங்க சரித்திர வாத்தியாரு. ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. அந்த சீமோனு சிலுவையத் தூக்குனான்னு எழுதியிருக்குது. எறக்கி வச்சான்னு எங்கனா எழுதியிருக்குதா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"இல்ல சார். நான் தேடிட்டேன். சோல்ஜருங்க வெளியூரானுங்க. அவனுங்களுக்கு யாரு மூஞ்சி தெரியும்? எவன் தோள்ல கட்ட இருந்துச்சோ அவனையே புடிச்சி ஆணி அடிச்சிருந்தா?"

"அப்போ ஏசு?"

"கூட்டத்துல ஒருத்தரா நின்னுகினு இருந்திருப்பாரு. அப்புறம் எங்கியோ ஒரு ஊர்ல தச்சுவேல செஞ்சிகினு, கெழவனா ஆயி செத்திருப்பாரு. நம்ம எடத்துல இன்னொருத்தன் செத்தான்னு தெனம் நெனச்சிகினே... அந்தப் பாரம் தாங்காமதான் சார் வரவன் போறவன்கிட்ட எல்லாம் அன்பா இருங்கடான்னு சொல்லியிருப்பாரு. அங்கேர்ந்துதான் இந்தக் கோயிலு, பூசை எல்லாமே வந்திருக்கும்."

கொஞ்ச நேரம் பியூரெட்டைத் துடைத்தார். "சீமோனுக்கு ரெண்டு புள்ளைங்க சார். பேரு போட்டிருக்குது. அப்பன் ஊடு வந்து சேந்திருந்தா, புள்ளைங்க பேர எதுக்கு எழுதி வைக்கப் போறாங்க?"

என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், எதற்கும் ஒரு உதாரணம் சொல்லாமல் எனக்குப் பாடம் நடத்த வராது.

அடுத்து வந்த தை மாதம் ஒன்பதாம் வகுப்பில் சான்றுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும் என்றேன். உதாரணம் வேண்டுமே... "நம்ம லேப் சூசையண்ணன் ஒரு கேள்வி கேட்கிறார்" என்று முழுவதையும் சொன்னேன். அவர் பேரோடு. வகுப்பே ரசித்துக் கேட்டது.

அவர் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவதற்கு முன்னால் ஊர் நாட்டாண்மை இவர் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். "இன்னாடா சூச, ஏசு சாவவே இல்லன்னு ஸ்கூல்ல பாடம் எடுக்கறியாமே?"

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் ஓலை என்றார்கள்.

திங்கள்கிழமை என்னிடம் வந்தார். "சார், ஜல்தியா ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. என் கையெழுத்து கோயில் சாமியாருக்குப் புரியாது. எவன் போய்ச் சொன்னான்னே தெரியல சார். பேஜாரா பூட்ச்சி."

எவன் என்று எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்தேன்.

'இப்படியொரு எண்ணம் என் மனதில் எழவே இல்லை' என்று எழுதிப் படித்துக் காட்டினேன்.

"எழவே இல்லன்னு போடாதீங்க சார், அது பொய்யி. எழுந்துச்சி, தப்புன்னு போடுங்க."

"இப்படி இருந்தால்தான் அண்ணே ஒத்துக்கொள்வார்கள்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிறு நானும் போயிருந்தேன். கோயிலில் கடைசியில், நின்றிருந்த கூட்டத்தோடு நின்றேன். மூன்றாவது ஓலையைக் கேட்க மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார்கள். முதலில் கடிதத்தைத்தான் வாசித்தார்கள். என் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் தலை நிமிரவில்லை.

ஓலை அடுத்த வாரம் என்று அறிவித்தார்கள். அடுத்த வாரத்துக்குள் மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அந்த வருஷம் சீமோன் வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு பை மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டுவந்து கொடுப்பார். ரிட்டயர் ஆன பிறகும், ஸ்டெல்லாவோடு விழுப்புரத்துக்குக் குடிபோன பிறகும்கூட. நான் வாங்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லா பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவள்தான்.

ஸ்டெல்லா... நாலு வரி கேட்டாய். இதை நீ படிப்பாய் என்று தெரியும். வகுப்பில் சொன்னது நான். அன்றைக்கு அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ பொங்கல் போனது. சொல்லவில்லை.

நாளை பத்து மணிக்கு உங்கள் ஊர்க் கல்லறையில் அடக்கம் என்றாய். வருகிறேன். உள்ளே வர வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போடு அம்மா. கேட்டுக்கு வெளியிலேயே நிற்கிறேன்.

போய் வாருங்கள், சூசையண்ணே.